பதினேழாவது எழுத்து

ஷ்லீரன், 24.09.2023

அன்புள்ள கஜீவன் அண்ணைக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் எழுத வேண்டும். எனக்குச் சுகம். அப்பாவுக்கும் சுகம். சித்தப்பாவுக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, இப்போதுதான் சுகம். சிவகலா அண்ணியும் மகள் மாயாவும் எப்படி இருக்கிறார்கள்?

போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் பாதி சொல்லும்போதே "மீட்டிங் தொடங்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது.

பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை திரிம்பாக் கோயிலில் பூசை முடிந்து, சாப்பாட்டு வரிசையில் நின்ற சித்தப்பா அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில். சீனி வருத்தமே இல்லாத மனிதர் அவர். மூன்று நாளாக என் அப்பாவின் சீனிக் குளிசையை அவர் விழுங்கியிருக்கிறார். அவருடைய இதயக் குளிசையை அப்பா விழுங்கியிருக்கிறார். ஐந்து நாள் கட்டிலில் கிடந்து எழும்பி வந்தார்.

எப்படி மாறியது தெரியுமா? ஓல்டன் முதியோர் இல்லத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே அறை கேட்டுக் கேட்டு, ஆவணியில்தான் கிடைத்தது. மருந்துப் பெட்டியின் லேபிளில் பெயர், பிறந்த திகதி, அறை இலக்கம் மூன்றும் இருக்கும். இரட்டையருக்குப் பிறந்த திகதி ஒன்று. இப்போது அறையும் ஒன்று. பெயரையும் இந்த நாட்டில் பதிந்த நாளில், அவர்களின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று முன்னால் போட்டுவிட்டார்கள். அப்பா பாலசிங்கம் தவராஜா, சித்தப்பா பாலசிங்கம் தவச்செல்வன். கணினி அதை இலத்தீன் எழுத்தில் அச்சிடும்போது, இடைவெளியையும் சேர்த்துப் பதினாறு எழுத்தோடு வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது இருவருக்கும் "பாலசிங்கம் தவ". இருவரும் வேறாவது பதினேழாவது எழுத்தில்தான். பெட்டி கொடுத்த புதுத் தாதிப் பிள்ளை அழுது தீர்த்தாள். அவள் லேபிளை வாசித்துத்தான் கொடுத்தாள், பாவம்.

இல்லத்துக்குக் கணினி கொடுத்தது எங்கள் கொம்பனி. நீங்கள் தொழில் பழகிய அதே ஷ்லீரன் கொம்பனி. நீங்கள் இருந்த கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். எங்களுடையது திறந்த மூல இயங்குதளம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் திறந்து பார்த்தேன். வெட்டும் வரி 2009இல் எழுதப்பட்டது. இரண்டு நாளில் அதை எடுத்துவிட்டு, முழுப்பெயர் வரச் செய்து, ஓல்டன் கணினியில் பொருத்திவிட்டேன். திருத்தத்தை, இந்த இயங்குதளங்களுக்கு விதி வைக்கும் உங்கள் கூட்டணிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கூட்டணியின் தொழில்நுட்பக் குழுத் தலைவர் என் சித்தப்பாவின் மகன் என்பதற்காக நான் சலுகை கேட்கவில்லை. சரியானதைச் செய்தால் போதும்.

உங்கள் சுகத்தையும் பதிலையும் எதிர்பார்க்கும்,
கோசலா

—

ரொறன்ரோ, 09.10.2023

அன்புத் தங்கச்சி கோசலா,

நாங்கள் மூவரும் சுகம். உன் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவோடு கதைத்தேன். "ஒண்டுமில்லையடா, வெயிலுக்குத் தலை சுத்தினது" என்றார். நீ எழுதியிருக்காவிட்டால் நம்பியிருப்பேன். அவரைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி எழுதினால் நீ ஏசுவாய். அதனால் எழுதவில்லை.

உன் திருத்தத்தையும் பார்த்தேன். சுத்தமான வேலை. ஆனால் இப்போது கூட்டணிக்குள் எடுக்க முடியாது. கோபிக்காமல் காரணத்தைக் கேள்.

கோடையில் அந்தப் பெரிய நிறுவனம் தன் இயங்குதளத்தின் மூலத்தை இனி வாடிக்கையாளருக்கு மட்டும் என்று பூட்டியதும், அதை நம்பியிருந்த சின்ன நிறுவனங்கள் தெருவில் நின்றன. அதற்காகத்தான் மூன்று பெரிய கொம்பனிகளும், உங்களுடையதைப் போன்ற முப்பத்தைந்து சின்னக் கொம்பனிகளும் சேர்ந்து இந்தப் பொது அடித்தளக் கூட்டணியைத் தொடங்கினோம். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: எங்களில் யாருடைய இயங்குதளத்தை எடுத்தாலும், நீங்கள் முந்தி வைத்திருந்த பெரிய நிறுவனத்தினது போலவே நடக்கும். அதில் ஒரு பிழை இருந்ததா, எங்களுடையதிலும் அதே பிழை இருக்கும். பிழைக்குப் பிழை ஒத்திருக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பத்து வருடம் ஓடிய மென்பொருளை ஒரு ஆணியும் கழலாமல் தூக்கி வைக்க வேறு வழி இல்லை.

அடுத்த பெரிய பதிப்பு 2026இல் வரும். அப்போது முதல் ஆளாக உன் திருத்தத்தை நானே எடுத்து வைக்கிறேன். அதுவரை, பெட்டியில் ஆளின் படத்தை ஒட்டச் சொல்லு. பெரியப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அண்ணை

—

ஷ்லீரன், 22.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். நல்லாய்ச் சிரித்துக்கொண்டும் இருக்கிறோம். இரட்டையரின் பெட்டிக்குப் படம் ஒட்டச் சொன்ன உங்கள் யோசனையை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கனடாவில அவனுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களோ பிள்ளை?" என்று கேட்டார்.

சிரிப்பு போதும். 2026இல் அவர்களுக்கு எழுபத்தேழு வயது. அதுவரை ஆளுக்காள் மற்றவரின் குளிசையை விழுங்கட்டும் என்கிறீர்களா?

பதினாறு எழுத்து யாருக்குப் போதும் என்று பார்த்தேன். இல்லத்தின் மேலாளர் ஹான்ஸ் மையருக்கு ஆறு எழுத்து மிச்சம் வரும். எங்களுக்குக் காணாது. அதே இல்லத்தில் இருக்கும் போர்த்துக்கல் மனிசிக்குக் காணாது, எரித்திரிய மனிதருக்கும் காணாது. வெட்டுப்படுவது எப்போதும் ஒரே ஆட்கள்தான். அதனால்தான் பதினான்கு வருடமாக யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

வாக்கு, வாக்கு என்கிறீர்கள். ஒருவன் பூட்டிவிட்டான் என்று கோபித்து வெளியே வந்து கூட்டணி கட்டினீர்கள். கட்டி முடித்ததும் அவன் வீட்டு ஒழுக்கையும் அப்படியே கொண்டுவந்து வைத்து, ஒரு சொட்டுக் கூடக் குறையாமல் ஒழுகவேண்டும் என்று விதி எழுதியிருக்கிறீர்கள். இதற்கு எதற்கு அண்ணை ஒரு கூட்டணி?

ஓல்டனில் பொருத்திய திருத்தத்தை நான் கழற்றமாட்டேன். குழுவில் அப்படியே வாசியுங்கள்.

அண்ணிக்கும் மாயாவுக்கும் அன்பு.

கோசலா

—

ரொறன்ரோ, 16.11.2023

கோசலா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மாயாவுக்கு இருமல்.

உங்கள் கொம்பனியின் இயங்குதளம் கூட்டணியின் சோதனையில் தோற்றுவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் சோதனையில் ஒன்றுதான் தோல்வி. லேபிள் பதினாறு எழுத்தில் நிற்கவேண்டும், நிற்கவில்லை. ஒன்று தோற்றாலும் சான்றிதழ் இல்லை.

நீ என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கிறாய். மற்றப் பக்கத்தையும் பார். ஓல்டனிலேயே ஒரு பெரிய பண்டசாலை இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் அங்கே வேலை. அங்குள்ள லேபிள் வாசிப்பான்கள் பதினாறு எழுத்துக்கு மேல் வாசிக்காது. நீ முழுப்பெயரை அச்சிட்டால் நாற்பதாயிரம் பெட்டி அடுத்த நாள் அசையாது. அதற்கு யார் பொறுப்பு?

ஒரு நடுவழி வாங்கித் தந்திருக்கிறேன். முழுப்பெயரை ஒரு விருப்பத் தெரிவாக வை. சாதாரணமாக மூடியிருக்கட்டும், வேண்டியவர் திறக்கட்டும். குழு சம்மதிக்கும். இதற்காக நான் எத்தனை பேரோடு கதைத்தேன் என்று உனக்குத் தெரியாது.

நீ சம்மதிக்காவிட்டால் உன் முதலாளிக்குக் கூட்டணியிலிருந்து கடிதம் வரும். அதில் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். தலைவர் நான்தான், வேறு யாரும் போட முடியாது.

அண்ணை

—

ஷ்லீரன், 10.12.2023

அண்ணைக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. ஆனாலும் மாயாவின் இருமல் மாறிவிட்டதா என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. "மதிப்புக்குரிய தவராஜா அம்மையாரின் மாற்றத்தை நீக்காவிட்டால்" என்று தொடங்கியது. சின்ன வயதில் என் சைக்கிளுக்குச் செயின் போட்டுத் தந்த கை அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது. இங்கே எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர்: எனக்குத் தவராஜா, உங்களுக்குத் தவச்செல்வன். நாங்கள் யாருக்கு யார் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. இது வீட்டுச் சண்டை என்று ஆகிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகக் கைகழுவிவிடுவார்கள்.

முதலாளி பூர்கி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர். பயந்த மனிதர்.

"அந்த வரியைத் திரும்பப் போட்டுவிடு, கோசலா. விருப்பத் தெரிவாக வைக்கலாம் என்கிறார்களே."

"மூடித்தான் இருக்கும், மிஸ்டர் பூர்கி. திறக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மையருக்குத் தெரியத் தேவையில்லை. பாலசிங்கத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை."

"சான்றிதழ் இல்லாத கணினியை இல்லத்தின் காப்புறுதி ஏற்றுக்கொள்ளாது. இங்கே ஒன்பது பேர் வேலை செய்கிறோம்."

"அப்படியென்றால் நீங்களே போடுங்கள். என் கையால் போடமாட்டேன்."

அவரே போட்டார். நாலாம் திகதி ஓல்டனுக்குப் போய், தன் கையால். ஐந்தாம் திகதி இல்லத்தில் கூட்டம் வைத்து, பெயர் வேறாக அச்சிடும் வரைக்கும் இரட்டையர் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். கையால் எழுதி ஒட்டலாமே என்று கேட்டேன். கையெழுத்து லேபிளுக்கு அவர்களின் விதியில் இடமில்லை. அப்பா இரண்டாம் மாடியில் இருக்கிறார். சித்தப்பா நாலாம் மாடிக்குப் போய்விட்டார். போகும்போது, "இதென்ன வேற ஊரே, லிப்டில ஏறினா வாறன்" என்று அப்பாவைத் தேற்றினார். ஐந்து மணிக்குப் பிறகு மாடி விட்டு மாடி போக ஆள் கூட வரவேண்டும். ஆள் இல்லை. அப்பா இராச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எழுபத்துநாலு வருடமாக இரண்டு பேரும் ஒரு மேசையில் சாப்பிட்டவர்கள்.

எனக்கு வேண்டியது அந்த அறை. ஒரே அறை, இரண்டு கட்டில், இரண்டு பெயர். அதற்குக் குறைந்த எதற்கும் நான் சம்மதிக்கமாட்டேன்.

ஜனவரி முப்பத்தொன்றுக்குள் நான் விதியை ஏற்றுக் கையெழுத்துப் போடவேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை இல்லை.

தவராஜா அம்மையார்

—

ஷ்லீரன், 14.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தைப்பொங்கல் வாழ்த்து. ஐந்து கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வருத்தம் ஏதும் இல்லையே?

நீங்கள் பேசாமல் இருந்த காலத்தில் நான் செய்ததை உங்களுக்கே முதலில் சொல்கிறேன். யாரோ சொல்லிக் கேட்கவேண்டாம்.

உரிமத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். திறந்த மூலம் என்றால் திறந்ததுதான். யாரும் திருத்தலாம், திருத்தியதை யாருக்கும் கொடுக்கலாம். கூட்டணி சான்றிதழைத் தரலாம், பறிக்கலாம். என் திருத்தத்தை நிறுத்த அதற்கு உரிமை இல்லை. அதனால் திருத்தத்தை எல்லோருக்கும் தெரிய வெளியிட்டுவிட்டேன். முப்பத்தைந்து சின்னக் கொம்பனிகளுக்கும் ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதினேன். ஒரே கடிதத்தை முப்பத்தைந்து தரம் அனுப்பவில்லை. லிஸ்பனுக்கு எழுதியதில் போர்த்துக்கல் பெயர்களை வெட்டிக் காட்டினேன். கொழும்புக்கு எழுதியதில் எங்கள் பெயர்களை. ஹைதராபாத்துக்கு எழுதியதில் வெட்டவே தேவையில்லை, அவர்களின் பெயரைப் பார்த்தாலே போதும்.

உங்கள் பண்டசாலையையும் மறக்கவில்லை. நேரே போய் வாசிப்பான்களைப் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் இந்திரா அக்காதான் உள்ளே கூட்டிக்கொண்டு போனா. பதினாறில் நிறுத்தும் வேலையை வாசிப்பானுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். நாற்பது வரி. எழுதிக் கொடுத்துவிட்டேன், ஓடுகிறது. பெட்டியின் பெயரை வெட்டினால் பெட்டிக்கு நோகாது. மனிதரின் பெயரைப் பண்டசாலை அளவுக்கு வெட்டத் தேவையில்லை.

முப்பத்தொன்றாம் திகதி கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்களிடமிருந்து ஒரு விஷயத்தைக் கேட்கக் காத்திருக்கிறேன். என்ன என்று நான் எழுதமாட்டேன்.

கோசலா

—

ரொறன்ரோ, 29.01.2024

அன்பு மச்சாள் கோசலாவுக்கு,

சிவகலா எழுதுகிறேன். உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். மாயாவின் இருமல் மாறிவிட்டது.

இவருக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசையில் இருந்து "அன்புத் தங்கச்சி" என்று எழுதுகிறார், பிறகு கிழிக்கிறார். குப்பைத் தொட்டியில் ஏழெட்டு அன்புத் தங்கச்சி கிடக்கிறது. கேட்டால், "வேலைப் பிரச்சினை" என்கிறார். கணினியிலிருந்து ஒரு பக்கத்தை அச்சிட்டு மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வரிக்குக் கீழே பேனையால் கோடு இழுத்திருக்கிறது.

நீங்கள் இருவரும் என்ன பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் விடவேண்டாம். நீங்கள் விட்டால் இவர் ஒருபோதும் சொல்லமாட்டார்.

அன்புடன் அண்ணி

—

ஷ்லீரன், 11.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்கு உடம்பு சுகம், வேலை இல்லை. முப்பத்தொன்றாம் திகதி பூர்கி பேனையை நீட்டினார், நான் சாவியை நீட்டினேன். அவர்தான் கண் கலங்கினார். நான் ரயில் ஏறி ஓல்டனுக்குப் போய், அப்பாவை லிப்டில் ஏற்றி நாலாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேலை இல்லாததில் ஒரு நன்மை, ஐந்து மணிக்குப் பிறகு கூடப்போக அவர்களுக்கு இப்போது ஒரு ஆள் இருக்கிறது. அன்று இருவரும் ஒரு மேசையில் சாப்பிட்டார்கள்.

அண்ணி எழுதினா. உங்கள் லாச்சியில் இருக்கும் பக்கம் எது என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அது இருக்கிறது, செப்டம்பர் பன்னிரண்டிலிருந்து.

ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று மூலம் வைத்திருக்கும். அதை நீங்கள்தான் எனக்குப் படிப்பித்தீர்கள். வெட்டும் வரியில் இருக்கும் பெயர் கஜீவன் தவச்செல்வன். 2009 மே 15, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு ஐம்பத்திரண்டு. ஷ்லீரன் கொம்பனியின் லேபிள் இயந்திரத்துக்காக எழுதி, உலகத்துக்கே அனுப்பியிருக்கிறீர்கள். எல்லோரும் எடுத்தார்கள், அந்தப் பெரிய நிறுவனமும் எடுத்தது. இன்றைக்கு நீங்கள் காவல் நிற்பது உங்கள் பிழைக்கே.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் வருடத்தை மட்டும் எழுதினேன், பெயரை எழுதவில்லை. இரக்கப்பட்டு மறைத்தேன் என்று நினைக்கவேண்டாம். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக 2026 என்றீர்கள், பண்டசாலை என்றீர்கள், என்னை அம்மையார் என்றீர்கள். எனக்குக் கோபம் பிழைக்கு இல்லை. இருபது வயதில் எல்லோரும் பிழை விடுவார்கள். முப்பத்தைந்து வயதில் அதற்கு விதி எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதுதான் கோபம்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது. ஜெனீவாவுக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற ரயிலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். கதவு பூட்டுகிற நேரம் நீங்கள் ஓடி வந்து ஏறினீர்கள். வன்னியிலிருந்து யாருடைய போனும் வராத கிழமை அது.

இனி நான் கேட்கமாட்டேன். உங்கள் பங்கு.

தங்கச்சி

—

ரொறன்ரோ, 26.02.2024

அன்புத் தங்கச்சி,

இந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ஓம். நான்தான்.

உன் முதல் கடிதத்தை வாசிக்கும்போதே தெரியும். 2009 என்று பார்த்ததும் அந்தப் பக்கத்தை அச்சிட்டு லாச்சிக்குள் வைத்தேன். அந்த லேபிள் இயந்திரத்தின் பழைய திரையில் பதினாறு எழுத்துத்தான் தெரியும். பெயர் நீண்டால் திரை குழம்பியது. சரியாகச் செய்வதென்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வெட்டிவிட்டு, திங்கட்கிழமை வந்து திருத்தலாம் என்று ஓடினேன். அந்தத் திங்கட்கிழமை வன்னியிலிருந்து என்ன செய்தி வந்தது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு உன் கடிதம் வரும்வரை நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. அந்தத் திகதியைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

என் தகப்பனை நானே விழுத்தினேன் என்று யாரிடம் சொல்வது? விதிக்குப் பின்னால் நிற்பது சுகமாக இருந்தது. குழுவில் எல்லோரும் நான் உறுதியான ஆள் என்று புகழ்ந்தார்கள்.

மார்ச் 21 திறந்த கூட்டம். உன் திருத்தத்தை நானே முன்வைக்கிறேன். விருப்பத் தெரிவாக இல்லை. வேண்டாம் என்று என் கொம்பனி எழுத்தில் சொல்லிவிட்டது. தலைவர் பதவியும் போகும், வாக்கும் வெல்லுமோ தெரியாது. போகட்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை மட்டும் உன்னிடம் விடுகிறேன், எனக்குத் தைரியம் இல்லை.

உன் அண்ணை

—

பொது மூலத்தில் பதிந்த மாற்றக் குறிப்பு, 21.03.2024

இதை வாசிக்கும் எவருக்கும் வணக்கம்.

லேபிளில் பெயரைப் பதினாறு எழுத்தில் வெட்டும் வரியை இந்த மாற்றம் நீக்குகிறது. திருத்தம் கோசலா தவராஜாவுடையது. வெட்டும் வரியை 2009 மே 15 அன்று எழுதியவன் நான். அவசரத்தில் எழுதினேன், திரும்பி வந்து பார்க்கவில்லை. அதனால் 2023 செப்டம்பரில் ஒரு மனிதர் வேறொருவரின் மருந்தை உட்கொண்டு விழுந்தார். அவர் பெயர் பாலசிங்கம் தவச்செல்வன். என் தகப்பன்.

ஒத்திருக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லி இந்தத் திருத்தத்தை ஆறு மாதம் தடுத்தவனும் நான்தான். இன்று குழுவில் நாலுக்கு ஐந்து வாக்கில் இது தோற்றது. தலைவர் பதவியிலிருந்து விலகி, என் சொந்தப் பெயரில் இதைப் பதிகிறேன். எடுக்க விரும்புகிறவர்கள் எடுங்கள்.

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.
கஜீவன் தவச்செல்வன்

—

ஓல்டன், 28.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோருக்கும் சுகம். இந்த முறை ஒருவரையும் விடாமல் எழுதலாம்: அப்பாவுக்குச் சுகம், சித்தப்பாவுக்குச் சுகம், எனக்குச் சுகம், பூர்கிக்கும் சுகம். என்னைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். சாவியைத் தந்தபோது தலையைக் குனிந்துகொண்டு தந்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் வாங்கினேன்.

உங்கள் குறிப்பு வந்த கிழமை லிஸ்பன் கொம்பனி திருத்தத்தை எடுத்தது. அடுத்து கொழும்பு, அடுத்து ஹைதராபாத். பிறகு எண்ண முடியவில்லை. சித்திரை வருடப்பிறப்பன்று முப்பத்தைந்தில் இருபத்தாறு பேர் முழுப்பெயர் அச்சிட்டார்கள். அன்றைக்குக் கூட்டணிக்கு நான் இரண்டு வரி எழுதினேன். "எல்லோரும் ஒத்திருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. இப்போது ஒத்திராமல் நிற்பது நீங்கள்தான்." பத்து நாளில் சோதனையை மாற்றிவிட்டார்கள். பிழை என்ற சொல் அறிவித்தலில் எங்கேயும் இல்லை. "ஒத்திசைவுக்காக" என்று போட்டிருக்கிறார்கள். போடட்டும். எனக்கு அறைதான் வேண்டியிருந்தது.

நேற்று அறை கிடைத்தது. இரண்டாம் மாடி, ஜன்னலால் ரயில் தெரியும். பெயர் நீண்டதால் லேபிள் பெட்டிக்குக் கீழேயும் மடிந்து ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கு அது வடிவில்லையாம்.

சித்தப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். நீங்கள் பதிந்த குறிப்பைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு தன் பெட்டியை எடுத்து, லேபிளில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணினார். பதினேழில் விரல் நின்றது.

"எத்தினை மணிக்கு எழுதினவனெண்டு தெரியுமோ?"

"நாலு ஐம்பத்திரண்டு, சித்தப்பா."

"அவன் உனக்குக் காரணம் என்ன எழுதினவன்?"

"ரயிலுக்கு நேரமாகிட்டுது எண்டு."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

பெட்டியை மேசையில் வைத்தார்.

"நாலரையிலயிருந்து நான் அவனுக்கு நாலு தரம் போன் எடுத்தனான், பிள்ளை. 'ஒரு மணித்தியாலம் தாங்கோ அப்பா, அரைகுறையா விட்டிட்டு வரேலாது' எண்டு கெஞ்சினவன். 'அங்க சனம் சாகுது, உனக்கு லேபிள் பெரிசோ'வெண்டு ஏசினது நான். அதுக்குப் பிறகுதான் ஓடி வந்தவன்."

நீங்கள் இதை எனக்கு எழுதவில்லை, அண்ணை. குழுவுக்கும் எழுதவில்லை. அந்தக் குறிப்பில் "அவசரத்தில்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். உங்களோடு இத்தனை மாதம் சண்டை பிடித்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இந்த ஒரு சொல்லுக்காக நேற்று அழுதேன்.

சித்தப்பா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆடிக்கு மாயாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு. ஆறுதலா வரச் சொல்லு. இந்த முறை நான் போன் எடுக்கமாட்டன்."

உங்கள் தங்கச்சி
கோசலா